ஓட்டைதான் தேய்கிறது: வார்ப்புக் கீலுக்கு எந்த வழி சரி?

போன மாதம் ஒரு ஆசாரி எங்கள் பட்டறைக்கு ஒரு ஜோடி கீலைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாங்களே வார்த்த ஐந்து இஞ்ச் பித்தளைக் கீல். தேக்குக் கதவில் மாட்டி நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் கதவு இறங்கி தரையில் உரச ஆரம்பித்துவிட்டது. கதவிலும் நிலையிலும் பதிகிற தட்டைப் பட்டைகளான இலை இரண்டும் அப்படியே இருந்தன, ஸ்குரூ ஓட்டைகூட விரியவில்லை. நடுவில் ஓடுகிற பின்னைத் தட்டி உருவிவிட்டு, அந்தப் பின் நுழைகிற உருளையான கணுவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வட்டமாக இருக்கவேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. "கீலு தேயலைங்க தம்பி, ஓட்டைதானுங்க தேஞ்சுபோச்சு" என்றார் அவர்.

அவர் போன பிறகு அந்தக் கணுவை நீளவாக்கில் ஹேக்சாவால் அறுத்துப் பார்த்தோம். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, நாங்கள் இரண்டு முனையிலிருந்தும் டிரில் போட்டிருந்தோம், அந்த இரண்டு ஓட்டையும் நடுவில் சரியாகச் சந்திக்கவில்லை, அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு படி நின்றது. அதனால் கீலின் பின் மொத்த நீளத்திலும் படியாமல் இரண்டே இடத்தில் உரசியிருக்கிறது, அந்த இரண்டு இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்க, மற்ற இடமெல்லாம் டிரில் போட்ட வரி அன்று போட்டது போலவே கிடக்கிறது. இரண்டாவது, கணுவும் இலையும் சேருகிற மூலையில் கருப்பாக, பஞ்சு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். உலோகம் உறையும்போது சுருங்கிய இடத்தை நிரப்ப மேற்கொண்டு உலோகம் கிடைக்காமல் ஏற்படுகிற குறை அது.

கொஞ்ச நாளாகவே, மண் அச்சில் உலோகத்தை ஊற்றுகிற மண் வார்ப்பை விட்டுவிட்டு வேறு முறைக்குப் போகலாமா என்று வீட்டிலும் பட்டறையிலும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கீல் வந்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை. கோவைப் பக்கம் சின்னதாக ஒரு பித்தளைப் பட்டறை வைத்திருக்கிற யாருக்கும் இதே கேள்வி வரும் என்பதால், நாங்கள் எதையெல்லாம் எடுத்துப் பார்த்தோம், எதை ஏன் விட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கீலின் மேல் என்ன பாரம் விழுகிறது என்று கணக்குப் போட்டோம். 90 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 35 மில்லிமீட்டர் கனத்தில் கெட்டித் தேக்குக் கதவு என்றால் சுமார் 40 கிலோ வரும். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே 150 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், கதவு தன் எடையாலேயே மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கப் பார்க்கிற இழுப்பு 40 பெருக்கல் 45 வகுத்தல் 150, அதாவது 12 கிலோ. இது பெரிய பாரமே இல்லை, நாலு மில்லிமீட்டர் பித்தளை இலை இதற்கெல்லாம் வளையாது. கீழ்நோக்கிய 40 கிலோதான் ஆபத்து. அது கணுவின் முகங்களில், அதாவது ஒரு கணு இன்னொன்றின் மேல் படிகிற தட்டைப் பரப்பில், உட்காருகிறது. ஐந்து கணு உள்ள கீலில் மூன்று நிலைப் பக்கம், இரண்டு கதவுப் பக்கம், ஆகவே ஒரு கீலுக்கு இரண்டே இரண்டு முகம்தான் கதவின் எடையைத் தாங்குகிறது. ஆசாரி கீலைப் பதிக்கும்போது ஒன்று ஒரு நூல் மேலே போய்விட்டால் மூன்று கீல் மாட்டியும் ஒரே கீல்தான் முழு எடையையும் சுமக்கும். அந்த முகம் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கதவும் அதே அளவு இறங்கும்.

ஆக, இலையைக் கனமாக்கி எடையைக் கூட்டுவதில் பிரயோஜனம் இல்லை. கடையில் கீலைக் கையில் தூக்கிப் பார்த்து "கனமாக இருக்கிறது, நல்ல சாமான்" என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர், அவர்களைக் குறை சொல்லவில்லை, வெளியிலிருந்து பார்க்க முடிவது அது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையையும் நாங்கள் அளந்தது ஒரே கேள்வியை வைத்துத்தான்: ஓட்டையும் கணு முகமும் எந்த முறையில் நன்றாக வரும்?

துத்தநாக டை காஸ்டிங்கைத்தான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். நாலு சதவீதம் அளவுக்கு அலுமினியம் கலந்த துத்தநாகம், 385 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், அழுத்தத்தில் இரும்பு அச்சுக்குள் தள்ளினால் சில நொடிகளில் கீல் வெளியே வந்துவிடும், மேலே முலாம் பூசினால் பார்க்க அவ்வளவு அழகு. அலமாரிக் கதவுக்கு அது நல்ல பொருள். கதவுக் கீலுக்கு எனக்கு மனசு வரவில்லை. அந்த உலோகம் தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல மெல்ல இளகி நீளுகிற ரகம், கதவு இருபத்துநாலு மணி நேரமும் தொங்குகிற பாரம். அப்புறம் பழைய சாமான்களோடு சேர்ந்து கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், ஈரக் காற்றில் சில வருஷத்தில் உள்ளுக்குள்ளேயே வெடிப்பு ஓடி உதிரும். பித்தளை உருக்குகிற பட்டறையில் ஈயம் இல்லாத மூலையே கிடையாது. இந்த வழியை ஒரு நாளில் மூடிவிட்டோம்.

இரும்பு அச்சில் பித்தளையையே கையால் ஊற்றுகிற கிராவிட்டி டை முறையில் எனக்கு ரொம்ப ஆசை இருந்தது. குழாய் சாமான்கள் எல்லாம் அப்படித்தான் வருகின்றன, மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், சீக்கிரம் குளிர்வதால் உலோகத்தின் மணியும் நெருக்கமாக இருக்கும், மண் ஒட்டாது, பிசிறு எடுக்கிற வேலையும் குறைவு. ஆனால் கீலின் வடிவம் இதற்குத் தோதாக இல்லை. பித்தளை உறைந்து ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை அளவு சுருங்கும். மண் அச்சு அந்தச் சுருக்கத்துக்கு இடம்விட்டு நொறுங்கிக் கொடுக்கும், இரும்பு அச்சு கொடுக்காது. கணுக்களுக்கு இடையில் இருக்கிற பள்ளங்கள் சீப்புப் பல் மாதிரி. இரும்புப் பல்லை உலோகம் இறுக்கிப் பிடிக்கும், சூடாக இருக்கும்போதே கணுவின் அடியில் கீறல் விழும். கணுக்களைப் பிரிக்காமல் ஒரே உருளையாக வார்த்து, பள்ளத்தை அப்புறம் மில்லிங்கில் வெட்டலாம்தான். அப்படி வெட்டுவதாக இருந்தால் கீல் வடிவத்திலேயே பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூஷன் கம்பியே வாங்கிவிடலாமே என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. இதோடு எங்கள் ஆர்டர் புத்தகத்தையும் பார்க்கவேண்டும். ஒரு வாரம் ஆறு இஞ்சில் நாற்பது ஜோடி, அடுத்த வாரம் ஐந்து இஞ்சில் இருபத்தைந்து, நடுவில் யாரோ ஒருவர் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுக்கு எட்டு இஞ்சில் பன்னிரண்டு கேட்பார். ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு செய்து, ஆயிரம் டிகிரி பித்தளை அதன் முகத்தில் வெடிப்பு விழ வைப்பதற்குள் போட்ட பணத்தை எடுப்பது எங்களால் ஆகாத காரியம். ஒரே அளவு ஆயிரக்கணக்கில் போகிற இடம் என்றால் கணக்கு வேறு.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கீல் பற்றி வாடிக்கையாளர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் பீங்கான் கரைசலை அடுக்கடுக்காகப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு எஃகை ஊற்றுகிற முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் களிமண் பூசிச் செய்வதன் தொழிற்சாலை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன, சிக்கலான, கனமான பாகங்களுக்கு அது அருமையான முறை. கீலின் இலை அப்படி இல்லையே, மெல்லிய தட்டையான பட்டை, அந்தப் பீங்கான் ஓட்டுக்குள் குளிரும்போது நெளியும், ஒவ்வொன்றையும் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தவேண்டும். கடையில் கிடைக்கிற எஸ்.எஸ். கீல் பெரும்பாலும் வார்ப்பே கிடையாது, தகட்டை வெட்டி உருட்டியது, விலையில் அதோடு வார்ப்பால் போட்டி போடவே முடியாது. இன்னொன்று, எஸ்.எஸ். ஓட்டைக்குள் அதே ரக எஸ்.எஸ். பின்னை நெருக்கமாகப் போட்டால் அழுத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க நடுவில் வெண்கல புஷ்ஷோ நைலான் புஷ்ஷோ (ஓட்டைக்குள் செருகுகிற குழல்) வைத்தாக வேண்டும். அப்படி வைத்துச் செய்கிற கீல் நன்றாகவே உழைக்கும், ஆனால் அதைச் செய்ய எங்களிடம் உலையும் இல்லை, ஆளும் இல்லை.

கடலோர வீடுகளுக்கு எஸ்.எஸ்.தான் வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அறுபதுக்கு நாற்பது பித்தளை உப்புக் காற்றில் துத்தநாகத்தை இழக்கும், மேலே சிவப்புத் திட்டு தெரிந்தால் அங்கே மிச்சம் இருப்பது ஓட்டை விழுந்த செம்பு என்று அர்த்தம். ஆனால் 304 ரகமும் கடற்கரையில் டீக்கறை மாதிரி பழுப்புப் பூக்கும், மாலிப்டினம் கலந்த 316 தான் தாக்குப்பிடிக்கும். இதற்கு எங்களிடம் இன்னொரு பதில் இருக்கிறது, அது கன்மெட்டல். செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் மூன்றும் ஐந்தைந்து. பம்ப் இம்பெல்லருக்கும் புஷ்ஷுக்கும் கோவையில் காலங்காலமாக ஊற்றுகிற உலோகம், உப்பையும் தாங்கும், உரசலையும் தாங்கும். விலை கூடத்தான். ஆனால் மண்ணில் பதிக்கிற மாதிரி உருவமான பேட்டர்ன் அதே, மண்ணும் அதே, உலோகம் உருக்குகிற மூசையை மட்டும் மாற்றினால் போதும். இதை நினைத்துப் பார்த்தபோதுதான் மண் வார்ப்பின் பக்கம் என் மனசு திரும்பியது என்று சொல்லலாம்.

வார்ப்பிரும்பையும் ஒரு நாள் பேசினோம். இங்கிலாந்தில் 1775லேயே வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள், பழைய பங்களாக் கதவுகளில் இன்றைக்கும் வேலை செய்கிற கீல்களைப் பார்க்கலாம், இரும்புக்குள் இருக்கிற கிராஃபைட்டே உரசலுக்கு எண்ணெய் மாதிரி உதவும். ஆனால் காற்றில் கதவு படாரென்று அறைந்தால் இலை பிஸ்கட் மாதிரி உடையக்கூடிய பொருள், துருவும் பிடிக்கும். புதிதாக யாரும் கேட்பதில்லை.

நிஜமான போட்டி எக்ஸ்ட்ரூஷன்தான். இலையும் கணுவும் சேர்ந்த குறுக்குவெட்டு வடிவத்தில் பித்தளையை நீளக் கம்பியாகப் பிதுக்கி எடுக்கிறார்கள், அதை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, கணுப் பள்ளத்தை மில்லிங்கில் எடுத்து, ஓட்டை போட்டால் கீல் தயார். ப்ளோஹோல் (வாயு அடைபட்டு விழுகிற ஓட்டை) என்ற பேச்சே இல்லை, பஞ்சு இல்லை, கனம் எல்லா இடத்திலும் ஒன்று. இரண்டு மூன்று சதவீதம் ஈயம் இருப்பதால் டிரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். மூன்று இஞ்ச், நாலு இஞ்ச் சாதாரணக் கீலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, மண்ணில் வார்த்து இதை ஜெயிக்க முடியாது என்று நேராக ஒப்புக்கொள்கிறேன். குறை என்னவென்றால் கம்பி முழுக்க ஒரே வடிவம்தான் வரும். கணுவுக்கு அடியில் மட்டும் கனம் கூட்டவோ, முனையில் பூ மொட்டு வைக்கவோ, பழைய வீட்டுக் கீலை அச்சாக அப்படியே திரும்பச் செய்யவோ வழியில்லை. எட்டு இஞ்ச் கீலுக்கான பெரிய வடிவம் வேண்டுமானால் மில்லில் தனி டை போடச் சொல்லி, அவர்கள் சொல்கிற குறைந்தபட்ச எடையை மொத்தமாக எடுத்தாக வேண்டும். நல்ல வேளையாக, மில்லிங்கில் விழுகிற பித்தளைச் சுருளை வெளியே பாதி விலைக்கு விற்கவேண்டிய தலைவிதி எங்களுக்கு இல்லை, எண்ணெய் போக உலர்த்தி, காந்தம் விட்டு இரும்புத் தூளை எடுத்துவிட்டால் எங்கள் மூசைக்கே தீனி.

ஆகவே முடிவை இரண்டாகப் பிரித்தோம். நாலு இஞ்ச் வரைக்கும் எக்ஸ்ட்ரூஷன் கம்பி வாங்கி வெட்டுவது. ஐந்து இஞ்சுக்கு மேல், பழைய வீட்டு வேலை, கடலோரக் கன்மெட்டல் எல்லாம் மண் வார்ப்பு. ஆனால் பழைய மாதிரி அல்ல. அறுத்துப் பார்த்த கீல் சொன்ன இரண்டு குறையையும் சரி செய்யாமல் எந்த முறைக்கு மாறினாலும் அதே புகார்தான் திரும்பி வரும்.

பஞ்சு விஷயத்தில் தப்பு எங்கள் பேட்டர்னில் இருந்தது. இலை 4 மில்லிமீட்டர், கணு 14. மெல்லிய இலை முதலில் உறைந்துவிடும், கணு கடைசியில் உறையும். நாங்கள் உலோகம் நுழைகிற வாயை இலையின் ஓரத்தில் வைத்திருந்தோம், காரணம் அங்கே இருந்தால் வெட்டி எடுத்து ராவுவது சுலபம். அதனால் என்ன ஆயிற்று, இலை உறைந்து வழியை அடைத்துவிட, கணு சுருங்கும்போது கேட்டதற்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. இப்போது வாயைக் கணுப் பக்கம் மாற்றி, அதன் தலையில், சுருங்கும்போது உலோகம் கொடுக்க, ஒரு சின்ன ரைசர் வைத்திருக்கிறோம். கணுவும் இலையும் சேருகிற கூர்மூலையையும் 3 மில்லிமீட்டர் உள்வளைவாக மாற்றியாயிற்று. ராவுகிற வேலை ஒரு கீலுக்கு சில நிமிஷம் கூடிவிட்டது, அதில் மோல்டர் அண்ணனுக்கு வருத்தம்தான். ஆனால் முதல் மண் அச்சுப் பெட்டியில் வந்த கீலை அறுத்து அவர் கையில் கொடுத்தபோது விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெட்டிக்கு மண் சலிக்கப் போய்விட்டார். கணுவை ஓட்டை இல்லாமல் கெட்டியாக வார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, அப்படியும் ஏதாவது சுருக்கம் மிச்சம் இருந்தால் அது கணுவின் நட்டநடுவில் உட்காரும், 8 மில்லிமீட்டர் டிரில் அதைத் தின்றுவிடும். அச்சுக்குள் ஓட்டை வடிவில் கோர் வைத்து, ஓட்டையோடேயே வார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 125 நீளத்துக்கு 8 குறுக்களவில் ஒரு மண் கோர், அது உடையும், இல்லாவிட்டால் உலோகம் பாயும்போது மிதந்து ஒரு பக்கம் ஒதுங்கும், அப்புறம் கணுச் சுவர் ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் இரண்டு என்று வந்து நிற்கும்.

உருக்குகிற சூட்டையும் இப்போது கண்ணால் மதிப்பிடுவதில்லை, பைரோமீட்டர் வாங்கியாயிற்று. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், பித்தளையைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் வெள்ளைப் புகையாகப் போவது காசு மட்டும் அல்ல, அதைச் சுவாசிக்கிற ஆளுக்கு ராத்திரி காய்ச்சல் வரும். பாலைக் குடித்தால் சரியாகிவிடும் என்று இன்னும் நம்புகிறார்கள், ஆகாது, புகைபோக்கி வேண்டும், மாஸ்க் வேண்டும்.

ஓட்டைக்கு வருவோம், மொத்த மாற்றத்தில் முக்கியமானது இதுதான். இத்தனை நாள் இலைகளைத் தனித்தனியாக டிரில் போட்டுவிட்டு, அப்புறம் சேர்த்து, பின்னைச் சுத்தியலால் தட்டி ஏற்றினோம். ஏறாத பின்னைத் தட்டி ஏற்றுகிற ஒவ்வொரு அடியும் அந்த ஓட்டை கோணல் என்பதற்கு சாட்சி. இப்போது செய்வது இது. முதலில் கணு முகங்களை மில்லிங்கில் சமமாக எடுக்கிறோம், கணுக்களுக்கு நடுவே வாஷர் உட்கார ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு. இரண்டு இலையையும் கோர்த்து, வாஷர் வரவேண்டிய இடத்தில் அதே கனத்தில் பித்தளைத் துண்டு செருகி, ஜிக்கில் (அசையாமல் பிடித்து டிரில்லுக்கு வழிகாட்டுகிற சட்டம்) இறுக்கிவிடுகிறோம். டிரில்லுக்கு அது இப்போது இடைவெளியே இல்லாத ஒரே உருளை, கணு மாறும் இடத்தில் நழுவ வழி இல்லை. இரண்டு முனையிலும் ஜிக்கின் வழிகாட்டி புஷ் வழியாக 7.8க்கு டிரில் போட்டு, பிறகு ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுகிற நீள ரீமரை ஒரே பக்கத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்கு முழுக்க இறக்குகிறோம். ரீமர் மறுமுனையில் எட்டிப் பார்க்கும்போது ஐந்து கணுவும் ஒரே கோட்டில் இருக்கும். எஸ்.எஸ். பின் கையாலேயே, கொஞ்சம் எண்ணெயோடு, உள்ளே போகிறது. இந்த ஜோடியை அப்புறம் கலைக்கக் கூடாது என்பதால் இரண்டு இலையின் உள்பக்கமும் ஒரே நம்பரைக் குத்திவிடுகிறோம்.

வாஷர் எதில் செய்வது என்பதில் வீட்டிலேயே இரண்டு கட்சி. நைலான் மலிவு, சத்தம் வராது, ஆனால் 40 கிலோ தொடர்ந்து உட்கார்ந்தால் பிதுங்கித் தட்டையாகும். எண்ணெய் ஊறிய சின்டர் (தூளை அழுத்திச் சுட்ட) வெண்கல புஷ் போடலாம், ஆனால் அதற்கு ஓட்டையை 12 ஆக்கவேண்டும், 14 கணுவில் சுவர் ஒரே மில்லிமீட்டர்தான் மிஞ்சும், கணுவை 18 ஆக்கினால் கீல் கதவில் துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். பாஸ்பர் வெண்கல வாஷரில் நின்றோம். பித்தளையோடு பித்தளை உரசுவதைவிட அது மெதுவாகத் தேயும், தேய்ந்தாலும் பின்னை உருவி வாஷரை மட்டும் மாற்றிவிட்டுக் கதவை மறுபடி தூக்கிவிடலாம், கீலையே தூக்கிப்போட வேண்டியதில்லை. அதற்காகவே பின்னின் அடியை அறைந்து பரப்பாமல் மரை போட்ட குமிழால் மூடுகிறோம். ஒரு கீல் இப்போது முன்னைவிட விலை கூடுதல்தான், கடைக்காரர்களிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது வார்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சும்மா சொன்னால் யார் நம்புவார்கள். பட்டறைப் பின்பக்கம் ஒரு நிலையைக் கான்கிரீட்டில் நட்டு, 40 கிலோ கதவைத் தொங்கவிட்டு, மோட்டார் வைத்து நிமிஷத்துக்கு ஆறு தடவை திறந்து மூடுகிற மாதிரி செய்திருக்கிறோம். ஐரோப்பியத் தர அளவில் அதிகம் புழங்குகிற கதவுக்கான கீல் 2,00,000 தடவை தாங்கவேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை திறக்கிற வீட்டில் அது பதினெட்டு வருஷம். எங்கள் மோட்டார் நிற்காமல் ஓடினால் இருபத்து மூன்று நாளில் முடியும், கரண்ட் போகிற நேரத்தைச் சேர்த்தால் மாதம் ஆகும். மேல் கீலாக மாட்டியிருப்பது புதிய பித்தளைக் கீல், கீழே கன்மெட்டல். தினமும் காலையில் டீ வருவதற்கு முன்னால் கதவின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்து அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதுகிறோம். எக்ஸ்ட்ரூஷன் நாலு இஞ்ச் கீல் மூன்று, ஜிக்கில் ரீமர் போட்டு, அடுத்த முறைக்குத் தயாராக மேஜைமேல் இருக்கிறது. அந்த ஆசாரிக்குப் புதுக் கீல் ஒரு ஜோடி கொடுத்து அனுப்பிவிட்டோம், பழைய இரண்டில் அறுக்காத ஒன்று மட்டும் ஜிக்குக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.